கெட்ட முடி

என் வாய்க்கு அப்போதே பூட்டுப் போட்டிருக்க வேண்டும். சான் கிறிஸ்டோபலில் பதினோரு வருஷமாக பார்லர் நடத்துகிறேன். கைக்கு ஓய்வு கிடைத்தாலும் என் வாய்க்குக் கிடையாது. நேராக விழுந்தால் நல்ல முடி, சுருண்டு நின்றால் கெட்ட முடி. எங்கள் டொமினிக்கன் ஊர்களில் அப்படித்தான் பேச்சு. "இந்தக் கெட்ட முடிய ஒரு வழி பண்றேன்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். மூலையில் பொம்மையோடு உட்கார்ந்திருந்த என் நாலு வயது மகள் யூலிசா அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெரு ஒடாலிஸ் தன் மகள் நெலிடாவோடு வந்தாள். நர்சரியில் கைகோத்து வட்டமாகப் பாடும்போது யூலிசா நெலிடாவின் கையைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். நெலிடாவின் சுருட்டை முடி கெட்டது, அதனால் அவளும் கெட்டவளாம். நாலு நாளாக நெலிடா தொப்பியைக் கழற்றாமல் தூங்குகிறாளாம். எனக்குக் கூசிப் போனது. மகளை அதட்டப் போனேன்.

"அவள ஏன் அதட்டுற மிரேயா? உன் சொந்த முடிய அவ பாத்திருக்காளா?" என்றாள் ஒடாலிஸ்.

பார்த்ததில்லை. அவளுக்கு அப்பா வழியில் நேர்முடி. என் சுருட்டை முடியை நான் அவள் நர்சரியில் இருக்கும்போதே கழுவி, ரோலர் சுற்றி, நேராக்கிக்கொள்வேன்.

பொய் சொல்வானேன், கோபம்தான் வந்தது. என் கடைக்கே வந்து எனக்கே பாடமா? ஆனாலும் முடி கழுவும் தொட்டியில் தலையைச் சாய்த்தேன். ஒடாலிஸே தண்ணீர் ஊற்றினாள். துண்டை எடுத்ததும் முடி சுருண்டு மேலே ஏறி நின்றது.

யூலிசா கிட்டே வந்து பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அம்மா, இனிமே உன் கையப் பிடிக்கக் கூடாதா?"

அழுதுவிட்டேன். முடி கெட்டதில்லை, நான் சொன்ன வார்த்தைதான் கெட்டது என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நெலிடாதான் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு கையால் என் தலையையும் மறு கையால் தன் தலையையும் தடவிப் பார்த்தாள். "என்னோடது மாதிரியே இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் யூலிசாவின் கை மெல்ல முன்னால் வந்து என் முடியைத் தொட்டது.

ஒடாலிஸ் நினைத்திருந்தால் தெருவெல்லாம் என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவளோ என் வாசலுக்கு வந்து, என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அன்று சாயங்காலம், நேராக்காத முடியோடு நான் வீட்டுக்கு நடந்தேன். யூலிசா ஒரு கையில் நெலிடாவையும் மறு கையில் என்னையும் பிடித்திருந்தாள். அந்தக் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது ஒடாலிஸால்தான்.