கொடுத்த நிமிடங்கள்

புது வீடுகளுக்கு ஒவ்வொரு ஊரும் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. டாலிவர் ஊரின் பங்கு நூற்று எண்பத்து நான்கு வீடுகள். கட்டுவது யார், எந்தப் பணத்தில் என்று கலிபோர்னியா மாநிலம் கேட்கவில்லை. இடத்தைக் காட்டு என்றது.

நகர மன்றம் முதலில் பழைய பழ ஆலையைக் காட்டியது. கூரை சரிந்து, முள்கொடி ஏறிக் கிடந்த இடம். மேட்டுச் சாலை வீடுகளின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அந்த வாரம்தான் கான்ஸ்டன்ஸ் வெதர்பி பீச் பழக் கேக்கோடு வந்து நெல்டா பஷேகோவின் கதவைத் தட்டினாள். நெல்டா ட்ரெய்லர் குடியிருப்பில், சக்கரம் வைத்த தகர வீடுகளின் வரிசையில், இருபத்தெட்டு ஆண்டுகளாக இருப்பவள். மேட்டிலிருந்து யாரும் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

"நாங்க பேசினா பணக்காரத் திமிருன்னு சொல்லுவாங்க. நீங்க பேசினா ஊரு கேக்கும்" என்றாள் கான்ஸ்டன்ஸ். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிய டாக்டர். இப்போது ஓய்வில் இருந்தாள்.

"நான் என்னத்தப் பேசறது, டாக்டர்?"

"உள்ளதத்தான். அத்தன வீடு வந்தா உங்க வாடகையும் ஏறும். பள்ளிக்கூடம் தாங்காது. அங்க சமைக்கறவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

நெல்டா மன்றத்தில் பேசினாள். சாப்பாட்டு வரிசை இப்போதே வாசல் வரை நிற்கிறது என்றாள். மேட்டுக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவளுக்காக யாரும் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. ஆலை பட்டியலிலிருந்து போயிற்று. அந்தத் தீர்மானத்தில் காரணமாக அவள் பெயரையே எழுதினார்கள்.

நூற்று எண்பத்து நான்கு என்ற எண் போகவில்லை.

"தோன்யா, நம்ம எடத்துக்கு ஆரஞ்சு கலர் அடிச்சிட்டாங்க" என்றான் ரீகோ. பக்கத்து ட்ரெய்லரில் இருப்பவன். சுவர்ப் பலகை அடிக்கும் வேலை. வயதில் மூத்த பெண்களை அவன் ஊரில் தோன்யா என்றுதான் அழைப்பார்கள்.

"யாரு அடிச்சா?"

"ஊருதான். வரைபடத்துல. ஆலையில இருந்த நூத்தி எண்பத்திநாலும் இங்க குடி வந்திருச்சு. முன்பணம்கூடக் குடுக்கல."

நெல்டா சிரிக்கவில்லை. வீடு அவளுடையது. வீடு நிற்கும் தரை அவளுடையதல்ல. தரைக்காரன் நெவாடாவில் இருந்தான். ட்ரெய்லர்களுக்கு மட்டும் என்று ஊர் போட்டிருந்த விதி ஒன்றுதான் அவன் கையைக் கட்டியிருந்தது. பட்டியல் நிறைவேறினால் அந்த விதி நீங்கிவிடும். இவ்வளவு பழைய ட்ரெய்லரை வேறெந்தக் குடியிருப்பும் உள்ளே விடாது. இழுத்தால் அச்சே முறியும்.

வீட்டுக்குள் அவள் கணவன் ஆர்வில் இருந்தான். பக்கவாதம் வந்து பார்வையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. கட்டிலிலிருந்து கழிவறைக்கும், கழிவறையிலிருந்து அடுப்படிக்கும் சுவரைத் தடவியே போய்வருவான். போன வருடம் அவன் தங்கை வீட்டில் இரண்டு இரவு தங்கினார்கள். அங்கே அவன் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

நெல்டா மேட்டுக்கு நடந்து போனாள்.

"கேட்டதுல இருந்து மனசே சரியில்ல" என்றாள் கான்ஸ்டன்ஸ்.

"ஆலையத் திரும்பப் போடச் சொல்லுங்க, டாக்டர்."

"அது முடிஞ்சுபோச்சே. நீங்களே பேசித்தான முடிச்சீங்க?"

"நீங்க சொல்லித்தான பேசினேன்."

கான்ஸ்டன்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஒண்ணு செய்யறேன். கூட்டத்துல என்னோட மூணு நிமிஷத்த உங்களுக்குத் தர்றேன். இங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். எல்லாரும் தருவாங்க."

"நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நிமிஷத்தத் தர்றேன், நெல்டா."

டாலிவர் மன்றத்தில் அது பழைய வழக்கம். ஆளுக்கு மூன்று நிமிடம். வேண்டாதவர் தன் நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பிறகு பேச முடியாது. கொடுத்த நிமிடத்தை எந்த மேயரும் வெட்டியதில்லை. அதில் ஊருக்குப் பெருமை.

கூட்டம் மாநிலம் கொடுத்த கெடுவின் கடைசி நாளில் நடந்தது. மூன்று மணிக்குத் தொடங்கியது. ஐந்து மணிக்குள் பட்டியல் மாநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஊரின் சொல் செல்லாது. எந்தக் கட்டடக்காரனும் எந்த நிலத்திலும் மனுப் போடலாம், ஊர் மறுக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் கவலைப்படவில்லை. ஓட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

மேட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். "என் நேரம் நெல்டாவுக்கு." "என்னோடதும்." மேயர் டுவைட் லோரிங் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். குறித்துக்கொண்டிருந்த எழுத்தர் பெண், இரண்டு மணி நேரத்துக்கு மேலே வருகிறது என்றாள். சிலர் சிரித்தார்கள்.

நெல்டா மைக்கைப் பிடித்தாள்.

"ஆலையத் திரும்ப எடுங்க. நான் பேசினது தப்பு. பள்ளிக்கூடம் தாங்கும். இன்னும் ரெண்டு பேரப் போட்டா சமைச்சிரலாம்."

"திரும்ப எடுக்கலாம், நெல்டா" என்றான் டுவைட். "மன்றத்துல யாராவது முன்மொழியணும்." இரண்டு பக்கமும் பார்த்தான். நான்கு உறுப்பினர்களும் மேசையைப் பார்த்தார்கள். "யாருமில்ல. வேற ஏதாவது சொல்லணுமா?"

நெல்டா உட்காரத் திரும்பினாள். அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

முதல் ட்ரெய்லரிலிருந்து ஆரம்பித்தாள். யார் இருக்கிறார்கள், எங்கே வேலை, எங்கிருந்து வந்தார்கள், போவதற்கு இடம் உண்டா. இரண்டாவது. மூன்றாவது. பேசத் தெரியாதவள். தெரிந்ததைச் சொன்னாள்.

"தோன்யா, ஒன்பதாம் நம்பர் நாய விட்டுட்டீங்க. அது இருபது வாரமா என் செருப்பத் தின்னுதான் உயிரோட இருக்கு" என்றான் ரீகோ பின்னாலிருந்து.

கூடம் சிரித்தது. நெல்டா நாயையும் சொன்னாள்.

நான்கு மணிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஊர் வக்கீல் டுவைட்டின் காதில் குனிந்தார்.

"நெல்டா, விஷயத்துக்கு வாங்க."

"இதான விஷயம். எடம் காட்டுன்னு கேட்டாங்கல்ல. எடத்துல யாரு இருக்காங்கன்னு சொல்றேன்."

"நீங்க உக்காந்தாத்தான் நாங்க ஓட்டுப் போட முடியும்."

"தெரியும்."

"உக்காருங்க. ஆலையப் பத்தி பேசிப் பாக்கறோம்."

"பேசிப் பாப்பீங்களா, போடுவீங்களா?"

டுவைட் வக்கீலைப் பார்த்தான். அவள் பதினான்காம் ட்ரெய்லரைச் சொல்லத் தொடங்கினாள்.

கான்ஸ்டன்ஸ் எழுந்தாள். "என்னோட நேரத்த நான் திரும்ப எடுத்துக்கறேன்."

"அப்படி ஒரு பழக்கம் இங்க இல்லையே, டாக்டர்" என்றான் டுவைட்.

"டுவைட், மணியப் பாருங்க. என்ன ஆகப் போகுதுன்னு புரியுதா உங்களுக்கு?"

"புரியுது. குடுத்தது குடுத்ததுதான்."

நெல்டா மைக்கைக் கழற்றி நீட்டினாள். "நான் தர்றேன். மூணு நிமிஷம். வாங்க, டாக்டர். ஆலைதான் எடம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க முன்மொழிவாங்க. நான் உக்காந்துர்றேன்."

கான்ஸ்டன்ஸ் வந்து வாங்கினாள். மைக்கை வாயருகே கொண்டுபோனாள். சொல்லிவிடுவாள் என்று நெல்டா நினைத்தாள். கான்ஸ்டன்ஸ் திரும்பித் தன் வரிசையைப் பார்த்தாள். கணவன், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை கூடச் சீட்டாடுபவர்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"இன்னிக்கு நம்ம எல்லாருக்குமே கஷ்டமான நாள்" என்றாள். நிதானம் வேண்டும் என்றாள். டாலிவர் எப்போதும் ஒரு குடும்பமாக இருந்தது என்றாள். ஆலை என்ற சொல் வரவில்லை. நேரம் காட்டும் மேசை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பானது. நெல்டா கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

மறுபடி பேசப் பேசத் தொண்டை கட்டிவிட்டது. எழுத்தர் பெண் எழுந்து வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். தன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள் நெல்டா. வேறு வீடு மிச்சமில்லை.

"எங்க வீட்டுல ஆர்வில் இருக்காரு. கண்ணு தெரியாது. ஆனா எங்க வீட்டுக்குள்ள தெரியும். ஃபிரிட்ஜு வரைக்கும் இடது கை. அப்புறம் வலது கை. ஜன்னல்கிட்ட பலக கொஞ்சம் வீங்கியிருக்கு, அத வெச்சு திரும்புவாரு. காபி அவரே போட்டுக்கறாரு. வேற எங்க கொண்டுபோனாலும் அவரு ஒரு நாற்காலிதான். அவ்வளவுதான். நான் வேலைக்குப் போயிட்டா மூணு மணி வரைக்கும் அந்த நாற்காலிதான்."

யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் அதையே மறுபடி சொன்னாள். இடது கை, வலது கை. மணி ஐந்தாயிற்று. டுவைட் சுத்தியலைத் தூக்கினான். தட்டாமல் கீழே வைத்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் அவள் முகத்துக்கு நேரே, "ஊரையே தின்னுட்ட" என்றான். ரீகோ குறுக்கே வந்து நின்றான். கான்ஸ்டன்ஸ் தன் கார் அருகில் நின்றாள்.

"இனிமே எவன் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் கட்டலாம். உங்க எடத்துலயும்தான். அது தெரியுமா உங்களுக்கு?"

நெல்டா தலையசைத்தாள். குரல் இல்லை.

தன் வண்டியில் அவளை அழைத்துப் போகும் வழியில் ரீகோ கேட்டான். "ஜெயிச்சோமா, தோன்யா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஒரு கட்டடக்காரனின் ஆட்கள் நிலம் அளக்க வந்தார்கள். முதலில் மேட்டுச் சாலைக்குத்தான் போனார்கள். பள்ளிச் சமையலறை ஜன்னலிலிருந்து அவர்களின் மஞ்சள் சட்டைகள் தெரிந்தன. கூட வேலை செய்பவள், "நல்லா வேணும் அவங்களுக்கு" என்றாள். நெல்டா உருளைக்கிழங்கு உரித்தாள். அன்று மாலை ரீகோ வீட்டில் பாட்டுக் கேட்டது.

சனிக்கிழமை காலை அதே வண்டி ட்ரெய்லர் குடியிருப்புக்குள் நுழைந்தது. ஒரு பெண் இறங்கி, கடைசியில் இருந்த நெல்டாவின் வீட்டுக்கு முன்னால் அளவுக் கருவியின் முக்காலியை விரித்தாள். நெல்டா வெளியே வந்தாள்.

"மேட்டுல அளந்தாச்சா?"

"பாத்தோம்மா. சரிவு ஜாஸ்தி, அஸ்திவாரத்துக்கே பாதிக் காசு போயிரும். பழ ஆலை மண்ணுல பழைய எண்ணெ எறங்கியிருக்கு." காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். "இங்கதான் சமமா இருக்கு."

உள்ளே ஆர்வில், யாரு நெல்டா, என்று கேட்டான். சுவரைத் தடவிக்கொண்டு அவன் கை வாசல் பக்கம் வரும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "கோட்டுல நிக்கறீங்க."

நெல்டா நகரவில்லை. அந்தப் பெண் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு முக்காலியைத் தூக்கி, ஓர் அடி தள்ளி வைத்து, அளந்தாள்.