பச்சைப் பூவரசு

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் விஜயகுமாரியின் சாப்பாட்டு மேசை பிளைவுட்டில் செய்தது. அதன் நடுவில் நல்ல மரத்தில் ஒரு சட்டம் பதிக்கத்தான் இளவழகன் வந்திருந்தான். மேசையின் நீளத்துக்குப் பள்ளம் எடுத்து, மூலைகளை உளியால் சுத்தம் செய்தபின் அவள் கொடுத்த பூவரசுச் சட்டத்தைக் கையில் எடுத்தான். சில்லென்றிருந்தது. இழைப்புளியை ஓட்டினான். சுருண்டு விழவேண்டிய சீவல் ஈரத்தோடு தகட்டில் ஒட்டிக்கொண்டது.

“இது பச்ச மரம்மா. இப்ப பதிச்சா காஞ்சி சுருங்கிடும். ரெண்டு பக்கமும் வாய் பொளந்துக்கும்.”

“லாரிக்காரர் ஒருத்தர் எங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்தது. கம்மாபுரம் பக்கம் வாய்க்கா ஓரமா இப்பத்தான் வெட்டுறாங்களாம்.”

அந்தப் பக்கம் பூவரசு நிற்கும் வாய்க்கால் ஒன்றுதான். அதன் கரையில்தான் அவன் கழனி. சுரங்கத்துக்காக நிலத்தை அளந்து கல் நட்டாகிவிட்டது. ஆனால் அறுவடை முடியும்வரை ஒரு மெஷினும் வராது என்று காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஊர் கூடிய இடத்தில் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் இளவழகன் வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

வெளியே வந்து மனைவி அம்சவல்லிக்குப் போன் போட்டான். வெகு நேரம் அடித்தபின் எடுத்தாள். பின்னால் என்ஜின் இரைந்தது.

“மரத்த மட்டுந்தான் எடுக்கறோம்னு சொல்றாங்க,” என்றாள். “பக்கத்துக் கழனி சின்னதுரை அண்ணன் நின்னு ஏன்னு கேட்டுக்கினு இருந்தாரு. பேசலாம் வான்னு ஜீப்புல ஏத்திக்கினு போனாங்க. இன்னும் வரல.”

உளிகளைப் பையில் போட்டான்.

“பள்ளத்த இப்படியே விட்டுட்டா? வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்களே,” என்றாள் விஜயகுமாரி.

“மேல துணி போட்டு வைங்கம்மா.”

அவன் முகத்தைப் பார்த்து அவள் குரல் தணிந்தது. “உங்க ஊரா?”

அவன் ஆமென்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கினான்.

வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் கரை வெட்டவெளியாகக் கிடந்தது. மெஷின் மண்ணில் கையை ஊன்றி நின்றது. அதன் நிழலில் நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் இவனை என்னவென்று கேட்கவில்லை.

கழனியில் அம்சவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் முத்தலயே புள்ள.”

“மாட்டுக்காவது ஆவும்.” அவள் நிமிரவில்லை.

“சின்னதுரை?”

“போனு எடுக்க மாட்டேங்கறாரு.”

அவன் ஒரு கதிரை நகத்தால் அழுத்தினான். வெள்ளையாகப் பால் கசிந்து விரலில் இறங்கியது. கரையில் சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள்.