சின்னச் சத்தம்

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பகலில், வெளிச்சம் இருக்கும்போது, யாரும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? பாயில் முதுகைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. அந்தத் தகுதி என் ஓரகத்தி செவந்திக்கு இருந்தது. அவள் நெஞ்சில் பெரிய சத்தம். என் நெஞ்சில் இருந்ததோ சின்னச் சத்தம்.

கொழுந்தன் பட்டாளத்துக்குப் போன கையோடு செவந்தி முழுகாமல் இருப்பது தெரிந்தது. நாலாம் மாசம் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். கறம்பக்குடி ஆஸ்பத்திரிக்குச் சந்தை நாளில் மட்டும் ஒரு டாக்டரம்மா வருவார் என்று வண்டி கட்டினோம். நான் துணைக்குத்தான் போனேன். செவந்தியின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து முடித்தவர், ஓரமாக நின்று இரைத்துக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டார். என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். சின்ன வயசில் காய்ச்சல் வந்து மூட்டுக்கு மூட்டு வீங்கியதுண்டா என்றார். உண்டு என்றேன். ஒரு மாதம் கிடந்தேனே, எப்படி மறக்கும்?

"ஒன் வீட்டுக்காரரக் கூப்பிடும்மா" என்றார்.

எங்கள் பக்கம் நோய் பெண்ணுக்கு வந்தாலும் விவரம் ஆணுக்குத்தான். நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் போய் நின்றோம். என் வீட்டுக்காரரோ சந்தையில் கடலை மூட்டையை நிறுவையில் விட்டுவிட்டு ஓடி வந்தவர். ஒரு காது இங்கே, ஒரு காது தராசில். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் மீனம்மாளிடம் சொன்னார்: "ரெண்டு பேரு நெஞ்சுலயும் சத்தம் இருக்காம் ஆத்தா. சின்னவளுக்குப் பெரிய சத்தம். இவளுக்குக் காதுல விழுகாத அளவுக்குச் சின்னச் சத்தந்தானாம். ஒரு ஆளு வேலவெட்டி பாக்காமப் படுத்தே இருக்கணுமாம், இல்லாட்டி உசுருக்கே மோசமாம்."

"இதுல கேக்க என்ன இருக்கு? பெரிய சத்தம்னா பெரிய சீக்கு. செவந்தி, போயிக் கட்டில்ல படு ஆத்தா" என்றார் அத்தை.

அன்றோடு அவள் பங்கு வேலையும் என் தலையில் விழுந்தது. ஊருணித் தண்ணீர், நெல்லுக் குத்து, மாட்டுச் சாணி, எல்லாம். குடத்தோடு கரை ஏறும்போது நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைப் போட்டு இறுக்குவதுபோல் இருக்கும். கரைமேல் நின்று மூச்சு வாங்கினால், "சின்னச் சத்தத்துக்கே இம்புட்டு இரைப்பா? அவ சும்மா கெடக்கால்ல, அதான் இவளுக்குப் பொறுக்கல" என்பார் அத்தை. செவந்தி பாவம், எழுந்து விளக்குமாற்றை எடுப்பாள். அத்தை பிடுங்கி என் கையில் கொடுப்பார். இரவில் எனக்குப் பாய் விரிக்கக்கூடத் தெம்பிருக்காது. நெல்லு மூட்டையில் சாய்ந்தபடியே தூங்கிப்போவேன்.

நடுவில் அடைமழை, மழை விட்டதும் களையெடுப்பு. எட்டாம் மாசத்தில்தான் மறுபடி வண்டி கட்ட முடிந்தது. செவந்தி வைக்கோல் பரப்பிப் படுத்து வந்தாள். நான் வண்டியின் வால்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தேன். கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தது.

டாக்டரம்மா செவந்தியைப் பார்த்துச் சிரித்தார். என் காலைப் பார்த்தார், சிரிப்புப் போய்விட்டது. "நீ எதுக்கு வந்தே? ஒன்னை எந்திரிக்கவே விடக்கூடாதுன்னு சொன்னேனே!" என்றவர், வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏய்யா, நான் யாரப் படுக்க வைக்கச் சொன்னேன்?"

"சின்னவளத்தானங்க... பெரிய சத்தம்னு சொன்னீங்களே."

"அடப் பாவி மனுசா! சத்தம் பெரிசா இருந்தா நோவும் பெரிசுன்னு ஒனக்கு யாரு சொன்னது? அவளுக்கு ரத்தம் தண்ணியாக் கெடந்துச்சு. புள்ளத்தாச்சி வேற, அதனால வேகமா ஓடிச் சத்தம் போட்டுச்சு. கீரையும் டானிக்கும் சாப்பிட்டா, இப்பவே பாதியாக் கொறஞ்சு போச்சு. புள்ள பெத்தா இருந்த எடம் தெரியாது. நல்லா இருக்கிற நெஞ்சுலகூட இப்படிச் சத்தம் வரும். ஒன் பெஞ்சாதிக்கு அப்படியில்ல. இருதயத்துக்குள்ள கதவு மாதிரி இருக்கு. அந்தக் காய்ச்சல்ல இவ கதவு தடிச்சு ஒடுங்கிப் போச்சு. ரத்தம் இடுக்கு வழியா நசுங்கிப் போகுது. அது மெதுவாத்தான் உறுமும், தேடுனாத்தான் கேக்கும். போக வழியில்லாத ரத்தம் பின்னால தேங்கி நுரையீரலுக்கு ஏறுது. இவளப் போயி வேல வாங்கியிருக்கியே!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அப்பாடா, பொய் சொல்லவில்லை நான் என்பது மட்டும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். கதவைச் சரிசெய்ய மருந்து உண்டா என்று கேட்டேன். என் தோளில் கை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். உருளை கிறீச் கிறீச்சென்று ஊரைக் கூட்டியது. என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"உருளை கத்துறதுக்கு நான் என்னைக்காச்சும் பயந்திருக்கேனா? எண்ணெய விட்டுட்டுப் போயிருவேன். தண்ணி அள்ளுற தோல்சாலு கிழிஞ்சா சத்தமே இருக்காது, தண்ணி ஒழுக ஒழுக இழுத்து மாடுதான் நொறுங்கிப் போகும். அது தெரிஞ்ச எனக்கு இது தெரியாமப் போச்சே புள்ள" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாட்டை வைத்தாவது புரிந்துகொண்டாரே.

செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வைக்கோலை ஒதுக்கினாள். "அக்கா, நீ படுக்கா. இனிமே நீதான் படுக்கணும்."

நல்ல வெயில். வைக்கோல் கதகதப்பாக இருந்தது. எத்தனை மாசத்து ஆசை! கால் நீட்டி மல்லாந்து படுத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நாலு மூச்சு விட்டிருப்பேன். ஐந்தாவது வரவில்லை. கிணற்றில் முக்கினாற்போல் முட்டியது. அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் மூச்சு வந்தது. மறுபடி படுத்தேன், மறுபடி முட்டியது. நெல்லு மூட்டையில் சாய்ந்தே தூங்கியது அசதியால் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னக்கா, படுக்கலையா?" என்றாள் செவந்தி.

"படுக்க முடியலடி" என்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவள் நகர்ந்து வந்து எனக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். வீடு வரும்வரை அப்படியே சாய்ந்து வந்தேன்.