மடிப்பு கலையாத துண்டு

சம்பந்தியம்மாள் முதல் தடவை எங்கள் வீட்டில் தங்கியது ஒரே ஒரு நாள்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்த ஐந்தாம் மாதம் அது. காலையில் குளிக்கப் போகும்போது தன் பையைத் திறந்து, கத்தரிப்பூ நிறத்தில் வெளுத்துப்போன ஒரு பழைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவருக்கென்று நாங்கள் மாட்டி வைத்திருந்த துண்டு, அவர் குளித்து வந்த பிறகும் வைத்த மடிப்பு கலையாமல் கொக்கியில் தொங்கியது.

நான் பார்த்தேன். என் மனைவியும் பார்த்தாள். அவர் ஊருக்குப் போன பிறகு எங்கள் துண்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். நடுவில் இழை தேய்ந்து, அந்தப் பக்கத்துக் கம்பிகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. பெண்ணைக் கொடுத்த இடத்தில், நம் வீட்டுத் துணி உடம்பில் படவே கூடாது என்று ஒருவர் நினைத்துவிட்டார் என்றால், பிறகு எந்த முகத்தோடு நான் அவர்கள் வாசலில் போய் நிற்பது?

ஒன்றரை வருடம் அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதான். நாலு நாள் அங்கயே தங்கிக்கட்டுமா? அத்தையும் கூட வருவாங்க."

"இது என்ன கேள்வி? தாராளமா வரச் சொல்லு."

"நீங்க ஒண்ணும் தடபுடல் பண்ணாதீங்க."

"நான் எதுக்கும்மா பண்ணப் போறேன்?" என்றேன். போனை வைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவர்கள் வருவது வியாழக்கிழமை. அன்று திங்கள்.

நான் முப்பத்திரண்டு வருடம் கடைகளில் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைத்த அதிகாரி. கடைக்காரர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'கிராம்'. "கிராம் வர்றார்" என்ற சத்தம் எனக்கு முன்னால் தெரு முழுக்க ஓடும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. துணியானாலும் சரி, துவரையானாலும் சரி, எடை பொய் சொல்லாது என்பது என் தீர்மானம். ஆகவே துணிக்கடைக்கும் உள்ளங்கை அளவுத் தராசு ஒன்றையும் அளவு நாடாவையும் எடுத்துப் போனேன். மனைவி பார்த்துவிட்டு, "ஆண்டவா" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் கழுத்தில் டேப் மாட்டியிருந்த விற்பனையாள் ஒரு மெரூன் நிற டவலை விரித்தார். "அறுநூறு ஜி.எஸ்.எம். சார். பெரிய ஓட்டல்ல போடுற குவாலிட்டி." ஒரு சதுர மீட்டர் துணி அறுநூறு கிராம் என்று அதற்கு அர்த்தம். அகலம் முக்கால் மீட்டர், நீளம் ஒன்றரை. அப்படியானால் துண்டு அறுநூற்று எழுபத்தைந்து கிராம் இருக்க வேண்டும். தராசில் வைத்தேன். அறுநூற்றுப் பதினெட்டு.

"அம்பத்தேழு கிராம் எங்கப்பா போச்சு?"

"பார்டர்ல பஞ்சு இருக்காது சார். அங்க எடை குறையும்."

"பார்டர் நாலு விரல் அகலம். அதுல அவ்வளவு போகாது."

"சார், நீங்க டவல் வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மனைவி என்னோடு வராதவள் மாதிரி தலையணை உறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நீலம், பழுப்பு, பச்சை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் கம்மி. கடைசியில் அந்த ஆள் அலுத்துப்போய் மேல் தட்டிலிருந்து ஒரு வெள்ளையை இறக்கினார். அறுநூற்று எண்பது. கை அதில் புதைந்தது.

"ஆறு குடுங்க" என்றேன்.

மனைவி ஓடி வந்தாள். "வெள்ளையாங்க? ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக் குடுத்துடுமே."

"குடுக்கட்டும். நம்ம வீட்டுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவள் என் மூக்குக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

பையில் போடும்போது விற்பனையாள் சொன்னார்: "வெறும் தண்ணில ரெண்டு தடவை அலசிட்டுப் போடுங்க சார். புது டவல் தண்ணி இழுக்காது."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் துணிமேல் முத்து முத்தாக நின்றது. உடனே ஆறையும் தண்ணீரில் போட்டோம். நனைந்த பிறகுதான் எடையின் இன்னொரு முகம் தெரிந்தது. பிழிய இரண்டு பேர் வேண்டியிருந்தது. செவ்வாய் முழுக்க மேகம். புதன்கிழமை தூறல். நாற்காலி, கட்டில், கதவு என்று எல்லாவற்றிலும் துண்டைப் போட்டு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். மணிக்கொரு தரம் எழுந்துபோய் முகர்ந்தேன். ஈர வாடை வந்துவிட்டால் பழைய துண்டே மேல் என்று ஆகிவிடும்.

"மோந்து பாத்து மோந்து பாத்து நீங்களே அதை ஈரமாக்கிடுவீங்க போல" என்றாள் மனைவி.

"உனக்கு இது விளையாட்டு."

"அவங்க கண்ணு ஆபரேஷனுக்கு வர்றாங்க. நம்ம டவலைப் பாக்குறதுக்கு இல்ல."

வியாழன் காலை ஒருவழியாகக் காய்ந்தன. இரண்டை நானே மடித்து, ஓரம் ஓரமாகச் சேர்த்துக் குளியலறைக் கொக்கிகளில் மாட்டினேன். மதியம் அவர்கள் வந்தார்கள்.

சம்பந்தி சிரித்த முகக்காரர். சம்பந்தியம்மாள் அளந்து பேசுகிறவர். நிமிர்ந்த நடை, ஒரு முடி நரைக்காத பெரிய கொண்டை. பெண் பார்க்க வந்த அன்றே, "எங்க அம்மா வழியில யாருக்கும் நரைக்கிறது இல்லை" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அந்த மிடுக்கை நான் மதித்தேன். அதனால்தான் அவர் பார்வையில் இறங்கிப்போவது அவ்வளவு வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனார். கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி ஏறவில்லை. கதவு திறந்தது. அவர் தோளில் அதே கத்தரிப்பூத் துண்டு. உள்ளே போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துண்டின் மடிப்பு நான் வைத்தபடியே இருந்தது.

சமையலறைக்குப் போய் மனைவியிடம், "நீ சொல்லேன்" என்றேன்.

"என்னன்னு சொல்றது? எங்க டவல்லதான் தொடச்சுக்கணும்னா? நல்லா இருக்குமா கேக்கறதுக்கு?"

அன்று சம்பந்திக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு கூட்டி வந்தோம். எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் இரண்டு காலைகள்தான் பாக்கி.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் செய்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பொருளில் ஒரு விரல் வைக்காதவன், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சம்பந்தியம்மாளின் துண்டை உருவி, சோப்புத்தூள் கரைத்த வாளிக்குள் அமுக்கினேன். பிறகு செய்தித்தாளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாள் குரல் கேட்டது. "சம்பந்தியம்மா, என் துண்டைப் பாத்தீங்களா? இன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கணும்."

"ஐயையோ, இங்க ஊறுதே! யாரு போட்டாங்க? நானே மறந்துபோய்ப் போட்டுட்டேனோ என்னவோ. உள்ள டவல் இருக்கு, எடுத்துக்குங்க. உங்களுக்காக வாங்கினதுதான்" என்றாள் என் மனைவி.

"வெள்ளையா இருக்கே" என்றார் அவர், மெதுவாக. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

தண்ணீர் விழுந்தது, நின்றது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. துண்டு தண்ணீர் இழுக்கவில்லையோ? வாடை அடிக்கிறதோ? கதவு திறந்து, அவர் எதையோ சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் வேகமாகப் போனார். குளியலறையை எட்டிப் பார்த்தேன். ஒரு கொக்கி காலி.

பின்னாலேயே போனேன். கொல்லைக் குழாயடியில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெள்ளைத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டின் நடுவில் இரண்டு கையகலத்துக்குப் பழுப்புக் கறுப்பாகக் கறை. சோப்பைப் போடப் போட அது பரவியது. அவிழ்ந்த கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் ரவிக்கைத் தோளிலும் அதே நிறத்தில் இறங்கியிருந்தது. என்னை அவர் கவனிக்கவில்லை.

அந்தக் கறை எனக்குத் தெரியும். பத்து வருடமாகத் தெரியும். மாதத்தில் முதல் ஞாயிறு, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு மீசைக்கு மை வைக்கும்போது நான் உபயோகிக்கிற பழைய துணி, பீரோவுக்குப் பின்னால், யார் கையும் படாத இடத்தில் இருக்கிறது. அதிலும் இதே கறைதான். அவருடைய கத்தரிப்பூத் துண்டு எதற்கு என்று அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எங்கள் துண்டை அவர் ஒதுக்கவில்லை. கெடுத்துவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறார்.

அதற்குள் என் மனைவி, வெயிலில் உட்காரவைக்கலாம் என்று சம்பந்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்துவிட்டாள். "ஐயையோ! புது டவல்! என்ன கறை இது?"

சம்பந்தியம்மாள் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிமிர்ந்த கழுத்து தாழ்வதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அது என் மீசை" என்றேன்.

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல மை வெச்சேன். கையில கிடைச்ச டவல்ல துடைச்சு, திரும்ப மடிச்சு மாட்டிட்டேன். பாவம், சம்பந்தியம்மா கவனிக்காம எடுத்துத் தலையைத் துவட்டிட்டாங்க. அவங்க தோள்லயும் ஒட்டிக்கிச்சு."

மனைவி கறையைப் பார்த்தாள், என் மீசையைப் பார்த்தாள். "ஒரு மீசைக்கா இவ்வளவு கறை?"

"தாராளமா வெச்சேன்."

"பத்து வருஷமா பரம்பரைக் கறுப்புன்னு சொல்லிட்டு இருந்தீங்க!"

"சொன்னேன். பொய். அவங்க துண்டை வாளில போட்டதும் நான்தான். போதுமா?"

கறுப்புக் கண்ணாடிக்குள் சம்பந்தி எந்தப் பக்கம் பார்த்தார் என்று தெரியாது. "சம்பந்தி, இந்த விஷயத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கண்ணைக் கட்டிக்கிட்டவன்" என்று சிரித்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சம்பந்தியம்மாள் துண்டைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார். உள்ளே போகும்போது என் பக்கம் தலையைச் சற்றுத் தாழ்த்தினார். அவ்வளவுதான்.

ஞாயிறு அவர்கள் கிளம்பும் நாள். காலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். கத்தரிப்பூத் துண்டு காய்ந்து, அவருடைய பைமேல் தயாராக இருந்தது. இனி அவர் எதில் துடைத்தாலும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டாலும், காது அந்தப் பக்கமே இருந்தது.

"சம்பந்தியம்மா" என்று அவர் என் மனைவியைக் கூப்பிட்டார். "அந்தக் கறை பட்ட டவலையே குடுங்க. நல்லா பொசுபொசுன்னு இருக்கு. எனக்கு அதுதான் சௌகரியம்."

மனைவி எடுத்துக் கொடுத்தாள். என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

அவர் குளித்துவிட்டு வந்தபோது ஈரத் துண்டு அவர் தோளில் கிடந்தது. பையை மூடும்போது, மற்றவர்கள் வாசலில் இருக்க, என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "சம்பந்தி, நீங்க எந்த மை வெக்கறீங்க? நான் வெக்கறது ரொம்பச் சாயம் இறங்குது."

சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

கறை போகவில்லை. மற்ற ஐந்து துண்டுகளும் அலமாரியில் வெள்ளையாகவே இருக்கின்றன. அவர்கள் வரும்போதெல்லாம் அந்த ஒன்றைத்தான் கொக்கியில் மாட்டுகிறோம்.