ஊசித்துளை போட்ட மூடி

கேட்காமலே “சரக்கு சுத்தம்” என்று மூன்று தரம் சொல்லும் வியாபாரியிடம் மூட்டையின் அடியைத்தான் முதலில் குத்திப் பார்க்க வேண்டும். ஆய்வகக் கழிவுக் கிடங்கின் பொறுப்பாளரான அவளுக்கு இது தகப்பன் கடையில் கற்ற பாடம்.

அன்று ஆராய்ச்சியாளர் தள்ளுவண்டியில் ஒரு வெள்ளைக் கேனோடு வந்து நின்றார். எப்போதும் ஆள் அனுப்புகிறவர் தானே தள்ளி வந்ததுதான் முதல் நெருடல்.

“வெறும் கழுவின தண்ணிங்க மேடம்.” கேனில் ஒட்டிய சீட்டிலும் அப்படியே எழுதியிருந்தது.

வாசலில் லாரி ஓட்டுநர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய கொழுந்தன். தளர்ந்த மூடியோடு எதையும் வண்டியில் ஏற்ற மாட்டான். அவன் இறுக்கிய மூடியைத் திறக்க இரண்டு பேர் வேண்டும்.

“தள்ளுங்க அண்ணி, ஒரு முறுக்கு முறுக்கி ஏத்திடறேன்.”

“இரு தம்பி.”

“தண்ணிதானே மேடம், தண்ணிக்குப் போய் யோசிக்கிறீங்களே!” என்று ஆராய்ச்சியாளர் சிரித்தார். மூன்று தரம் ஆயிற்று.

அவள் குனிந்தாள். மூடியின் நடுவில் ஊசியால் குத்திய துளை. தண்ணீர் எப்போதிலிருந்து மூச்சு விடுகிறது? கேனைத் தொடாமல் புறங்கையை அருகே கொண்டுபோனாள். வெதுவெதுப்பு.

முகத்தில் எதையும் காட்டாமல் நிமிர்ந்தாள். “லாரியில இடமில்லீங்க. மூடிய நல்லா இறுக்கி, நாளைக்கு வரைக்கும் உங்க மேஜைக்கு அடியிலயே வச்சுக்குங்க.”

“ஐயோ, இறுக்கக் கூடாது!”

“தண்ணிய இறுக்கினா என்னங்க ஆகும்?”

அவர் கைக்குட்டையைத் தேடினார். பிறகு உண்மை சில்லறையாக வந்தது. ஆல்கஹால் கழிவு இருந்த கேனில் கைதவறி நைட்ரிக் அமிலத்தை ஊற்றிவிட்டார். வாயு கிளம்பிக் கேன் உப்பவும் மூடியில் துளை போட்டிருக்கிறார். கலப்புக் கழிவு என்று எழுதினால் இந்த லாரி எடுக்காது. நாளை அவருடைய ஆய்வகத்துக்குச் சோதனைக் குழு வருகிறது.

“எவ்வளவு ஊத்துனீங்க?”

“கொஞ்சம்தான்.”

“உங்க கணக்குல கொஞ்சம்னா எத்தனை லிட்டர்?”

“ரெண்டு.”

“தம்பி, அதைத் தொடாத. எல்லாரும் வெளிய!”

கதவைச் சாத்தினாள். லாரியை மதிலோரம் தள்ளி நிறுத்தச் சொன்னாள். பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள். கேனுக்குள் என்ன என்று அவர்கள் கேட்டதும் போனை ஆராய்ச்சியாளரிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சது சீட்டுல இருக்கிற தண்ணிதான்.”

அவர் குரலைத் தாழ்த்தி, “கொஞ்சமா அமிலம்...” என்று இழுத்தார். அதற்குள் உள்ளே ‘பொத்’தென்று ஒரு சத்தம். கிடங்கின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் செம்பழுப்பாகப் புகை எழும்பியது. “ரெண்டு லிட்டர்! ரெண்டு லிட்டர்!” என்று அவர் போனில் கத்தினார்.

கொழுந்தன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “வீட்ல பால் பாக்கெட்ட மோந்து பாத்து வாங்குறீங்கன்னு உங்களக் கிண்டல் பண்ணுவேனே அண்ணி.”

“பண்ணு. பண்றதுக்கு ஆள் இருக்கணும்ல.”

பிறகு ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினாள். “இது ஒண்ணுதானா?”

“சத்தியமா ஒண்ணுதான் மேடம்.”

“சத்தியமாவா?” என்றவள், அவருடைய ஆய்வகச் சாவிக்குக் கையை நீட்டினாள்.