கடைசியில் கூப்பிட வேண்டிய எண்

சட்டையின் மூன்றாவது பொத்தானைக் கழற்றியதும் எல்லப்பன் கையை இழுத்துக்கொண்டான்.

“அண்ணி, இங்க வாங்களேன்.”

தோட்டத்தில் பெஞ்சு போட்டு அதன்மேல் தாண்டவராயனைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்ட அண்டாவில் தண்ணீர் நிரம்பியிருந்தது. பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்த பவளம் குனிந்து பார்த்தாள்.

கணவனின் நெஞ்சைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. இடது பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

“இன்னாடா, இன்னும் உயிர் கீதா?” என்றார் சொம்போடு நின்ற பெரியவர்.

“பேட்டரி மாமா. நீ தண்ணி ஊத்து, போதும்,” என்றான் எல்லப்பன். அண்ணியிடம் திரும்பி, “இது இன்னாது அண்ணி?” என்றான்.

பவளத்துக்குத் தெரிந்தது முதுகுவலி பெல்ட். எட்டு மாதத்துக்கு முன் அவர் அப்படித்தான் சொன்னார். உத்திரமேரூரில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டுகிறவர். குழாய் ஸ்பீக்கரைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்றார். அதே வாரம் படுக்கையையும் ரேடியோ அறைக்கு மாற்றிக்கொண்டார். விடியற்காலையில் சிக்னல் நன்றாக வருகிறதாம். பொழுதுபோக்காக ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோவுக்கு முறையாகப் பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கியவர். அந்த அறையில் அவர் என்ன செய்தாலும் பவளம் கேள்வி கேட்டதில்லை.

சட்டையில்லாமல் அவரைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“கழட்டி என்கிட்ட குடு,” என்றாள்.

பட்டை ஈரமாக இருந்தது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். மகள் இளவரசி ஓசூரிலிருந்து வந்து சேர இரண்டு மணி ஆகும். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

காலையில் வந்த போனை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆறே முக்கால் இருக்கும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தெரியாத எண். எடுத்தால், “அண்ணி, அண்ணன் ரூமுக்குப் போய்ப் பாருங்க,” என்றது ஒரு குரல். அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவன் எல்லப்பன் ஒருவன்தான். அது எல்லப்பன் குரல் இல்லை. “போங்க அண்ணி, சீக்கிரம்.”

போனாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேஜைமேல் கன்னத்தை வைத்திருந்தார். உடம்பில் சூடு இருந்தது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இப்பதான். அரை மணிக்குள்ள,” என்றார்.

வீட்டுக்குள் இருந்தவளுக்குத் தெரியவில்லை. எவனோ போனில் சொல்கிறான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் நரைத்த தாடிக்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் பெரிய ரோஜா மாலை. பின்னால் முப்பது வயதுக்காரன் ஒருவன், தோளில் லேப்டாப் பை. தாடிக்காரர் மாலையைப் போட்டுவிட்டுக் கூடப்பிறந்தவர் மாதிரி அழுதார்.

எல்லப்பன் பவளத்தின் காதருகே வந்தான். “யாரு அண்ணி இவங்கள்லாம்? நமக்குத் தெரியாம அண்ணன் இன்னொரு குடும்பம் வச்சிக்கினு இருந்தாரா?”

தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். “அண்ணி,” என்றார்.

அதே குரல்.

பவளம் எழுந்தாள். “உள்ள வாங்க பாய்,” என்று ரேடியோ அறைக்கு நடந்தாள். அவரும் லேப்டாப் பைக்காரனும் பின்னால் வந்தார்கள். கதவை அவளே சாத்தினாள்.

“காலைல போன் பண்ணது நீங்கதான?”

“ஆமா அண்ணி. ஜாசிம். காஞ்சிபுரத்துல பாத்திரக் கடை வச்சிக்கினு கீறேன். பத்து வருசமா அண்ணனும் நானும் டெய்லி ரேடியோல பேசறோம். இவன் அருள்தாஸ். செங்கல்பட்டுல பட்டறை வச்சிருக்கான். மெஷின், சென்சார்னு சொந்தமா எதுனா செஞ்சிக்கினே இருப்பாங்க, இவனும் இவன் ஃபிரண்ட்ஸும்.”

“அவரு இந்த ரூம்ல இருந்தாரு. நீங்க காஞ்சிபுரத்துல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?”

ஜாசிம் அருள்தாஸைப் பார்த்தார். அருள்தாஸ் அவள் கையைப் பார்த்தான். முந்தானைக்குள்ளிருந்து பட்டையின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

“அது நாங்க செஞ்சதும்மா,” என்றான். “சாரோட ஹார்ட் பீட்டை அது எடுக்கும். மேல வாட்டர் டேங்க் பக்கத்துல ஒரு பெட்டி கீது பாருங்க.”

“மழை அளக்கறதுன்னாரு.”

“அது ரேடியோம்மா. அங்கேர்ந்து திருமுக்கூடல் ரைஸ் மில் மாடிக்குப் போவும். அங்கேர்ந்து பாய் வூட்டுக்கு. பாய் வூட்டு ஸ்கிரீன்ல கோடா ஓடும். செல்லுலயே அனுப்பிருக்கலாம். சார்தான் ரேடியோலதான் போவணும்னு சொல்லிட்டாரு. எங்க ரெண்டு குரூப்பும் சேந்து செஞ்ச மொத புராஜெக்ட்மா இது.”

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டான்.

ஜாசிம் விளக்கினார். ரேடியோக்காரர்களுக்கும் பட்டறைப் பையன்களுக்கும் ஆகாது. ரெடிமேட் சர்க்யூட் போர்டை ஒட்டிவிட்டு இன்ஜினீயர் என்கிறார்கள் என்று ரேடியோக்காரர்கள் சிரிப்பார்கள். தினமும் காலையில் உங்க ஊரில் மழையா என்று கேட்பதற்கு ஒரு லைசென்ஸா என்று பையன்கள் சிரிப்பார்கள். செங்கல்பட்டில் நடந்த ஒரு கண்காட்சிக்கு மைக் செட் கட்டப் போன தாண்டவராயன்தான் இரண்டு பக்கத்தையும் ஒரு டீக்கடையில் உட்கார வைத்தார். ஆறு மாதம் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் டாக்டர் அவருக்கு இதயத்தில் கோளாறு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்னார்.

“நேரா பட்டறைக்கு வந்தாரு அண்ணி. சண்டை போட்டுக்கினே இருக்கீங்களே, சேந்து செய்யறதுக்கு ஒரு வேலை கீது, என் நெஞ்சை எடுத்துக்கங்கடான்னாரு.”

வெளியே பறைக்காரர்கள் வந்து பறைத் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு, நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு.

“ஆபரேஷன்?” என்றாள் பவளம்.

“வேணான்னுட்டாரு. நாங்க எல்லாம் சொன்னோம். தினம் ஒருத்தர் சொன்னோம்.”

“எல்லாம்னா எத்தினி பேரு?”

“ரேடியோல டெய்லி வர்றவங்க ஒரு முப்பது பேரு. பட்டறைப் பசங்க பத்து.”

“நாப்பது பேரு.”

“எங்க ரேடியோல ரகசியம் பேசக்கூடாது அண்ணி. சட்டமே கீது. மறைச்சி எதுவும் அனுப்பக்கூடாது. ரேடியோ வச்சிக்கினு கீற யார் வேணாலும் கேக்கலாம்.”

“வூட்ல பேசலாமா, அதுக்கு எதுனா சட்டம் கீதா?”

ஜாசிம் குனிந்து மேஜையைப் பார்த்தார்.

தினமும் காலையில் இந்த மேஜைக்கு அவள்தான் காபி கொண்டுவந்து வைப்பாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், இரு என்பது போல. அவள் நிற்பாள். இங்கிலீஷில் என்னவோ பேசி, சிரித்து, முடித்துவிட்டு டம்ளரை எடுப்பார். வாரத்தில் இரண்டு நாளாவது அவள் நிற்கும்போதே இந்த நாற்பது பேரிடம் அவர் தன் நெஞ்சைப் பற்றிப் பேசியிருப்பார்.

“ஏன் எனக்குச் சொல்லல?”

“கேட்டோம். அவகிட்ட சொன்னா அன்னிலேர்ந்து நான் நோயாளி ஆயிடுவேன், ரேடியோல மட்டும்தான் ஆளா இருக்கேன்னாரு.”

அதை அவள் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. “என் நம்பர் உங்களுக்கு யார் குடுத்தா?”

“அண்ணன்தான்.”

“எப்ப?”

“ஆரம்பத்துலயே. ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. எல்லாம் முடிஞ்சா, கடைசியா இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு.”

பவளம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை. காலையில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

“கோடு எப்ப நின்னுது?”

ஜாசிம் தாடியைத் தடவினார். “அண்ணி, இதெல்லாம் இப்ப…”

“எப்ப நின்னுது பாய்?”

“ஆறு முப்பத்து மூணு,” என்றான் அருள்தாஸ்.

“எனக்கு போன் வந்தது ஆறே முக்காலுக்கு.”

ஜாசிம்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“முன்ன ரெண்டு வாட்டி அண்ணன் குளிக்கறப்ப பெல்ட்டைக் கழட்டி வச்சிட்டாரு. எங்க ஸ்கிரீன்ல கோடு படுத்துருச்சு. பதறிப்போய் உங்களுக்குப் பண்ணப் போனேன். நல்லவேளை, அதுக்குள்ள அவரே ரேடியோல வந்து சிரிச்சாரு. அப்புறம் அவரே ஒரு ரூல் போட்டாரு. பத்து நிமிசம் பாருங்க, நான் வரலைன்னா மட்டும் அவளுக்குப் பண்ணுங்க, சும்மா அவளை பேஜார் பண்ணாதீங்கன்னு.”

“காலைலயும் பாத்தீங்களா?”

“பாத்தோம். குளிக்கிறாருன்னு நெனச்சோம்.”

“பத்து நிமிசம்.”

“பன்னெண்டு,” என்றான் அருள்தாஸ். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் பவளம் வாசலைப் பெருக்கினாள். சாணம் தெளித்தாள். பதினைந்து புள்ளி வைத்து, பாதிக் கோலத்தை இழுத்திருந்தாள். பக்கத்து வீட்டுச் செங்கேணி பால் வாங்கப் போகும்போது நின்று, இன்றைக்கு என்ன இத்தனை பெரிய கோலம் என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வாசலிலிருந்து இந்த நாற்காலிக்கு இருபது அடி.

“அண்ணி, பெரிய அட்டாக். உடனே பாத்திருந்தாலும்…”

“நான் அதைக் கேக்கல பாய்.”

எல்லப்பன் கதவைத் தட்டினான். “அண்ணி, பாடை கட்டறவர் வந்துட்டாரு. பூ எவ்ளோன்னு கேக்கறாரு.”

“நீயே பாத்துக்க எல்லப்பா.”

ஜாசிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்பதா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

“அண்ணி, எங்க வழக்கம் ஒண்ணு கீது. எங்கள்ல ஒருத்தர் போயிட்டா, அவரோட அழைப்புப் பேரை மூணு வாட்டி ரேடியோல கூப்பிடுவோம். பதில் வராது. ஒரு நிமிசம் எல்லாரும் சும்மா இருப்போம். அப்புறம் அவர் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவோம். அதை அவரோட செட்லேர்ந்தே செஞ்சா… ஒரு மணிக்கு எல்லாரும் காத்துக்கினு இருப்பாங்க. பட்டறைப் பசங்களும் வர்றாங்க. நீங்க வேணான்னா வேணாம்.”

பவளம் பட்டையை மேஜைமேல் வைத்தாள். பச்சை விளக்கு எப்போதோ அணைந்துபோயிருந்தது.

“செய்யுங்க,” என்றாள். “நான் இங்கதான் நிப்பேன்.”

ஜாசிம் செட்டைப் போட்டார். மைக்கைக் கையில் எடுத்து அவளுக்குக் காட்டினார்.

“நீங்களும் ரெண்டு வார்த்தை பேசறதா இருந்தா பேசலாம் அண்ணி. நான் கூட கீறேன், தப்பில்ல. இந்தப் பட்டனை அமுக்கினா நாம பேசறது போவும். விட்டா அவங்க பேசறது வரும். ஒருத்தர் அமுக்கிக்கினே இருந்தா மத்தவங்க யாரும் பேச முடியாது. அதனால கொஞ்சம் சுருக்கமா.”

ஒரு மணி. செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜாசிம் அந்த அழைப்புப் பெயரைச் சொன்னார். எழுத்தும் எண்ணுமாக, பவளம் எத்தனையோ காலைகளில் சமையலறையிலிருந்து கேட்ட அதே ஒலி. விட்டார். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். மூன்றாவது முறை அவர் குரல் பாதியில் உடைந்தது. மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

ஒரு நிமிஷம் போனது.

பிறகு செட்டுக்குள்ளிருந்து ஒரு வயதான குரல் வந்தது. நல்ல தமிழ், நிதானமாக. “உத்திரமேரூர் அம்மாவுக்கு எங்க எல்லார் சார்பாவும் ஆழ்ந்த அனுதாபம். அம்மா, உங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் உங்களைப் பத்திதான்…”

பவளம் மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினாள்.

குரல் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அருள்தாஸும் ஜாசிமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பறை முழு வேகத்தில் ஆரம்பித்தது. எல்லப்பன் பாடை கட்டுகிறவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். “ரெண்டு வரிசை சரம்னு சொன்னன்ல, ஒரு வரிசைதான கீது.” யாரோ ஒரு பெண் மாரடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். அவ்வளவும் மைக் வழியாக அந்த நாற்பது வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

“அம்மா…” என்று அருள்தாஸ் கையை நீட்டினான். ஜாசிம் அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

பவளத்தின் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.