சம்பத்குமார் முறை

என் இரைப்பையில் பின் அடித்திருக்கிறது. ஆபீஸில் காகிதங்களைச் சேர்த்து அடிப்போமே, அதே மாதிரி, வரிசை வரிசையாக. போன ஆவணியில் மெட்ராஸில் ஒரு நர்சிங் ஹோமில், அமெரிக்காவில் படித்துவிட்டுப் புதிதாகத் திரும்பியிருந்த ஒரு டாக்டர் அதைச் செய்தார். மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை கீறி, உள்ளே தவலை மாதிரி கிடந்ததை முட்டையளவுக்கு மடக்கிவிட்டு, "இனிமே நீங்களே ஆசைப்பட்டாலும் சாப்பிட முடியாது சார்" என்றார். என் வாழ்நாளில் எனக்கு வாய்த்த ஒரே சுயகட்டுப்பாடு அதுதான். அதுவும் கம்பியால் ஆனது.

அப்போது என் எடை நூற்று இருபத்தொரு கிலோ. நாற்பத்து நாலு வயது, ரத்தக் கொதிப்பு, மாடிப்படியைப் பார்த்தாலே வலிக்கிற முழங்கால். ஆகவே ஆபரேஷனில் தப்பு ஒன்றுமில்லை. தப்பெல்லாம் அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்யில்.

நாங்கள் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். எங்கள் தெருவில் ஏகாதசி என்றால் பட்டினிப் போட்டி. யார் தீர்த்தம்கூடக் குடிக்கவில்லை என்பது மறுநாள் காலைக்குள் தெருமுனை வரை தெரிந்துவிடும். எனக்கும் அதில் ஒரு பெயர் உண்டு. ஏகாதசியன்று விட்டதைத் துவாதசியன்று வட்டியோடு வசூலிப்பவன் என்று. அப்படிப்பட்டவன், பட்டினியைக் காசு கொடுத்துத் தைத்துக்கொண்டான் என்று எப்படி வெளியே சொல்வது? ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டலம் விரதம் இருக்கப் போகிறேன் என்று தெருவிலும் ஆபீஸிலும் சொல்லிவிட்டு நர்சிங் ஹோமில் படுத்திருந்தேன். என் மனைவி பத்மாசினிதான் அந்தப் பொய்யைத் தெருவில் காவல் காத்தாள்.

"எல்லார்கிட்டயும் ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம்னு சொல்லிண்டிருக்கேன். நாளைக்கு அந்தப் பெருமாளே வந்து, 'உங்காத்துக்காரரை நான் பார்க்கலையே'ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?" என்றாள்.

பெருமாள் கேட்கவில்லை. ஆனால் எடை இறங்க ஆரம்பித்தது. தை பிறந்தபோது எண்பத்தொன்பது கிலோ. மோதிரம் கைகழுவும் தொட்டியில் விழுந்தது. வயிற்றுத் தோல் காலியான கோணிப்பை மாதிரி தொங்கியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. அரை இட்லியை அரை மணி நேரம் தின்றேன். ஒரு வாய் அவசரப்பட்டால் நெஞ்சில் கல் அடைத்தது போல் நிற்கும். அப்போது தொழிற்சாலை சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் கக்கிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, வைராக்கியசாலியாகத் திரும்பி வருவேன்.

எங்கள் தொழிற்சாலை ஒரகடம் போகிற சாலையில் இருந்தது. சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை, நடுவில் எங்கள் தகரக் கூரை. லாரிகளுக்குத் தகடு வெட்டி வளைத்துக் கொடுப்போம். நான் பர்சனல் ஆபீசர். லீவு, மெமோ, சஸ்பென்ஷன் எல்லாம் என் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைவிட என் நாலடுக்குக் கேரியர்தான் அங்கே பிரசித்தம். ஆபரேஷனுக்குப் பிறகும் பத்மாசினி நாலடுக்கும் நிரப்பித்தான் அனுப்பினாள். நிறைந்த கேரியரைத் தொடாமல் இருந்தால்தான் வைராக்கியம்; கேரியர் குறைந்தால், கம்பெனி வேனில் கூட வருகிறவர்கள் என்ன வியாதி என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தச் சாப்பாடு யாக்கோபுவுக்குப் போயிற்று. பென்னலூர்க்காரர், பவர் பிரஸ் ஆபரேட்டர், என் வயதுதான், என்னை மாதிரியே பெரிய உடம்பு.

"இன்னா சார், நாலு அடுக்கையும் எனுக்கே குட்த்துட்றீங்க. வூட்ல அம்மா கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"விரதம்ப்பா. நீ சாப்பிடு."

"தெய்வம் சார் நீங்க" என்று புளியோதரையில் கை வைப்பார். ஐந்து மாதத்தில் நான் இழந்த சதையில் ஒரு பங்கு நேராக அவர் மேல் போய் உட்கார்ந்தது. ஜனவரி மாத உடல் பரிசோதனையில் அவருக்கு நூற்று ஆறு கிலோ, கொதிப்பு வேறு. ஏப்ரலுக்குள் குறைக்காவிட்டால் பிரஸ்ஸை விட்டு எடுத்து கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார்கள். பதினாறு வருஷமாக பிரஸ் ஓட்டிய மனிதருக்கு கேட்டில் சல்யூட் அடிக்கும் வேலை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மேனேஜிங் டைரக்டர் நரசிம்மனுக்கு ஞானோதயம் வந்தது. அவருக்கு மாதம் ஒரு ஞானோதயம் வரும். தொழிற்சாலைச் சுவர்களில் வாசகங்களாக அவை காய்ந்துகொண்டிருக்கும். என்னைக் கூப்பிட்டு, "சம்பத், நீங்க ஒரு மனுஷன் இல்ல, ஒரு எடுத்துக்காட்டு. மார்ச் பாதுகாப்பு வாரத்துல பேசுறீங்க. தலைப்பு, 'நாவடக்கமும் உற்பத்தியும்'" என்றார்.

பேசினேன். மைக் கிடைத்தால் மனிதன் என்ன ஆவான் என்பதற்கு நானே சாட்சி. பசி என்பது ஒரு பழக்கம் என்றேன். மனம் சொன்னால் வயிறு கேட்கும் என்றேன். ஆறு மாதமாக எனக்குப் பசி என்கிற உணர்ச்சியே வந்ததில்லை. பின் அடித்த இடத்தோடு அது போய்விட்டது. காது கேட்காதவன் சங்கீத விமரிசனம் எழுதியது போல் அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நரசிம்மன் என் 'முறை'யை அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கையில் இருந்தது நர்சிங் ஹோமில் கொடுத்த உணவுச் சீட்டு ஒன்றுதான். காலையில் ஒரு கை கஞ்சி, மதியம் ஒரு கரண்டி குழைந்த சோறு, வாய்க்கு முப்பது தடவை மெல்லவும், சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, இரவில் மோர். அப்படியே தமிழில் எழுதினேன். முதல் வரியை மட்டும் விட்டுவிட்டேன். முதல் வரி, 'இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும்.'

தலைப்பில் 'சம்பத்குமார் முறை' என்று போட்டு, கேண்டீன் வாசலில் நோட்டீஸ் போர்டில் குத்தினார்கள்.

மறுநாள் யாக்கோபு கேரியரைத் தொடவில்லை.

"வேணாம் சார். எங்களுக்கு இது லெந்து நாளு, ஈஸ்டர் வரிக்கும் எப்பிடியும் ஒரு வேள உபவாசம். அதோட உங்க பேப்பர்ல கீற மாதிரியே புட்ச்சிகினேன். ஏப்ரல்ல செக்கப்பு வருதுல்ல?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சார், ராவுல குடல் இய்க்குது பாருங்க, அப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கேண்டீனில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மனசுதான் யாக்கோபு. மனசை ஜெயிக்கணும்" என்றேன்.

"ஜெயிக்கிறேன் சார்" என்று எழுந்து போனார். அன்றைக்கு நாலடுக்கும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நாய்களுக்குப் போயிற்று. வைராக்கியமே இல்லாத நாய்கள்.

பதினெட்டாவது நாள் பகல் பதினொரு மணிக்கு லைன் சூப்பர்வைசர் ரகு என் அறைக்கு ஓடி வந்தார். "சார், யாக்கோபு பிரஸ்ல சாஞ்சிட்டாரு!"

பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேலிருந்து தகட்டை வெட்டும் இரும்பு அச்சு, 'டை', இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. யாக்கோபு ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி மரச்சக்கையைச் செருகி வைத்திருந்தார். தலைசுற்றலில் கை ஓடவில்லை, அன்றைய கணக்கு நானூறு தகடு, ஒரு கையால் அழுத்தினால் வேகம் வரும். அப்படியே கண் இருண்டு முன்னால் சரிந்திருக்கிறார். பக்கத்து பிரஸ் கோபால் சட்டையைப் பிடித்து இழுத்ததில், கையுறையின் சுண்டுவிரல் நுனி மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. விரல் காயமில்லாமல் வெளியே வந்துவிட்டது.

முதலுதவி அறைக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த குளுக்கோஸ் தண்ணீர். வேறு யாருமில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"எதுக்கு?"

"உங்க பேரக் கெட்துட்டேன். நேத்து ராவு தாங்க முடியாம ரெண்டு பன்னு துன்னுட்டேன் சார். ஒளிஞ்சிகினு துன்னேன், வூட்லகூட சொல்லல. உங்கள மாதிரி கட்டுப்பாடு எனுக்கு வர்ல. பாவி சார் நானு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டு பன்னுக்காக. என் காது மடல் வரை சுட்டது. கதவைச் சாத்தினேன். சட்டைப் பட்டன்களைக் கழற்றினேன்.

"இன்னா சார்?" என்று பயந்தார். பிறகு பார்த்தார். மார்பிலிருந்து தொப்புள் வரை ரயில் தண்டவாளம் மாதிரி தழும்பு, இரண்டு பக்கமும் தொங்கும் தோல்.

சொன்னேன். ஸ்ரீரங்கம் போகாதது, பின் அடித்தது, எனக்குப் பசியே எடுக்காதது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு மாதப் பொய் அவ்வளவு சின்னதாக இருந்தது.

அவர் கையுறையின் அறுந்த நுனியைத் திருகினார்.

"பேப்பர்ல அது இல்லியே."

"நான்தான் விட்டுட்டேன்."

"பதினெட்டு நாளு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம், "அப்போ பசிக்கவே பசிக்காதா உனுக்கு?" என்றார். 'நீங்க' போய் 'உனுக்கு' வந்திருந்தது.

"பசிக்காது."

"அய்யே, பாவம்" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்தப் 'பாவ'த்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாலை நரசிம்மன் கூப்பிட்டார். "மரச்சக்கை வச்சிருக்கான். சஸ்பெண்ட் பண்ணுங்க. மெமோ டைப் ஆகட்டும், நீங்க கையெழுத்துப் போடுங்க."

"சக்கை எல்லா பிரஸ்லயும் இருக்கு சார். கணக்கை நாமதான் நானூறுக்கு ஏத்தினோம். அவர் மயங்கி விழுந்ததுக்குக் காரணம் நான்" என்று அவரிடமும் சொன்னேன். இந்தத் தடவை சட்டையைக் கழற்றவில்லை. மேனேஜிங் டைரக்டருக்கு வாய்வார்த்தை போதும்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். எழுந்து கதவைச் சாத்தினார். எனக்கு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"அந்த டாக்டர் அட்ரஸ் இருக்கா?" என்றார், தன் வயிற்றைத் தடவிக்கொண்டே. எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "யாக்கோபு விஷயத்தை விட்டுடலாம். வாய்மொழியா எச்சரிக்கை போதும். உங்க விஷயமும் இந்த ரூமோட இருக்கட்டும். நோட்டீஸ் இருக்கட்டும், அடுத்த வாரம் கஸ்டமர் வர்றாங்க. பார்த்தா நல்லா இருக்கும்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாக்கோபு வேலை தப்பியது, என் பெயர் தப்பியது. வெட்கம்கெட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். பத்மாசினியிடம் சொன்னேன். அவள் மோரைக் கலக்கிக்கொண்டே, "ரூமோட இருக்குமா? அந்தக் காகிதம் வாசல்லன்னா இருக்கு?" என்றாள்.

மறுநாள் பகல் சாப்பாட்டு மணி அடித்தது. கேரியரோடு போனேன். நோட்டீஸ் போர்டு முன்னால் கோபால் நின்று, உதட்டை அசைத்து ஒவ்வொரு விதியாகப் படித்துக்கொண்டிருந்தார். யாக்கோபுவை இழுத்துக் காப்பாற்றிய அதே கோபால். அவருக்கும் தொப்பை உண்டு.

பக்கத்தில் யாக்கோபு நின்றிருந்தார். என் ரகசியத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இவுனும் புட்ச்சிக்கப் போறானாம் சார், நாளீலேர்ந்து" என்றார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வுட்டத எய்திடு" என்றார்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. எழுதாமலிருக்க எத்தனையோ காரணங்களும் இருந்தன. கஸ்டமர் வருகிறார்கள், தெருவில் தெரிந்துவிடும், பத்மாசினியின் பொய் வீணாகும். ஒன்றும் கோபாலின் விரல்களுக்கு ஈடாகவில்லை. 'சம்பத்குமார் முறை' என்ற தலைப்புக்குக் கீழே, விதிகளுக்கு மேலே இருந்த சிறிய இடத்தில் நெருக்கி எழுதினேன்: 'இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும். எனக்குச் செய்திருக்கிறது.' மெமோவுக்குப் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டேன். இடம் போதாமல் நெருக்கியதில் அது என்னுடையது மாதிரியே இல்லை.

கோபால் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "ஆப்ரேசனா?" என்றார் சத்தமாக. கேண்டீனில் தட்டுச் சத்தம் நின்றது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து படித்தார்கள். எழுபது எண்பது பேர். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக வயிற்றைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஸ்ரீரங்கத்துல நல்ல டாக்டர்பா" என்றது ஒரு குரல்.

ஓடி சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நின்றிருப்பேன். யாக்கோபு கேரியரின் பிடியைப் பற்றிக்கொண்டு விடவில்லை. நேராக நடு மேஜைக்கு இழுத்துப்போனார். நாலடுக்கையும் பிரித்து வரிசையாக வைத்தார்.

"இதுல உன்னுது எவ்ளோ?"

காட்டினேன். தயிர்சாதத்தில் ஒரு கரண்டி. மூடியில் அதை எடுத்து என் முன்னால் தள்ளினார். மூன்று அடுக்கைத் தன் பக்கமும் கோபால் பக்கமுமாக நகர்த்தினார். சாம்பார் சாதத்தைப் பார்த்ததும் அவர் கண்ணில் வந்த நீரை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

"துன்னு சார். நாங்கோ பாக்கணும்."

ஏழு மாதமாக யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தேன். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். மெல்ல ஆரம்பித்தேன்.

"ஒண்ணு" என்றார் யாக்கோபு, வாய் நிறையச் சோற்றோடு. "ரெண்டு. மூணு."

நாலில் கோபாலும் சேர்ந்துகொண்டார். முகம் எரிந்தது. தலையைத் தூக்காமல் மென்றேன். முப்பதில் இன்னும் இருபத்தாறு பாக்கி இருந்தது.